பிரௌனியும் பதமும்



மேல்நாட்டுத் தின்பண்டங்களுள் சில ஆரவாரத்தோடு நம் நாட்டிற்குள் வந்தன. சில ஓசைப்படாமல் வந்து நம் வீட்டுக் குழந்தைகளின் நாவில் குடியேறிவிட்டன. பிரௌனி என்னும் சாக்லேட்டுப் பண்டம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், பிறந்தநாள் என்றால் பாயசத்துடன் இதுவும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரிய கடைகளில் நான்கைந்து துண்டுகள் வாங்கும் பணத்தில் வீட்டிலேயே ஒரு தட்டு நிறையச் செய்துவிடலாம். செய்யும் வேலையும் அதிகமில்லை. ஆயினும், ஒருமுறை செய்து பார்த்தவர்களுள் பலர், "அது நமக்கு வராது" என்று கைவிட்டுவிடுகிறார்கள். ஒருவர் வீட்டில் அது செங்கல்லாக இறுகிவிட்டது. மற்றொருவர் வீட்டில் நடுப்பகுதி வேகாமல் மாவாகவே நின்றுவிட்டது.

கைத்திறன் குறைவு இதற்குக் காரணமன்று. அதிரசத்திற்குப் பாகு வைக்கத் தெரிந்த கைக்குப் பிரௌனி ஒரு பொருட்டே அன்று. வேறொரு நாட்டின் அடுக்களையில், வேறு அளவுகளை வைத்துக்கொண்டு எழுதிய குறிப்பை, நாம் சொல்லுக்குச் சொல் பின்பற்றுகிறோம். இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது. ஆங்கில வாசகங்களைத் தமிழாக்குவது நாள்தோறும் என் அலுவல். எளிதாகத் தமிழில் வந்துவிடும் என்று தோன்றி, பின்னர் மிகவும் ஏமாற்றுவது சமையற் குறிப்பே என்பேன். சட்ட வாசகத்தில் ஒரு சொல் பிசகினால் எவரேனும் எடுத்துக் காட்டுவார். சமையற் குறிப்பில் பிசகினால் வெண்ணெயும் கொக்கோவும் வீணான பிறகுதான் தெரியவரும்.

முதலில், பிரௌனி என்றால் யாது என்று பார்ப்போம். கேக் என்பது மாவு பொங்கி, பஞ்சுபோல் உப்பி நிற்க வேண்டிய பண்டம். பிரௌனியோ பொங்காமல் இருக்கவேண்டிய பண்டம். மாவு குறைவு, வெண்ணெயும் சர்க்கரையும் கொக்கோவும் மிகுதி. ஒரு அங்குல உயரத்திற்குமேல் எழுவதில்லை. மேலே காகிதம் போன்ற மெல்லிய, பளபளப்பான, சிறு சிறு வெடிப்புகள் கொண்ட ஏடு. உள்ளே ஈரப்பதமும் அடர்த்தியும் உடைய மென்மை. கேக்கிற்கும் அல்வாவிற்கும் இடைப்பட்டது என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

இதன் பிறப்பிடம் அமெரிக்கா. சிகாகோ நகரில் 1893-ஆம் ஆண்டில் ஒரு பெரிய உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அதன் மகளிர் குழுவிற்குத் தலைவியாக இருந்தவர் பெர்த்தா பால்மர் என்னும் சீமாட்டி. அவருடைய கணவருக்கு அந்நகரில் பால்மர் ஹவுஸ் என்ற விடுதி இருந்தது. பொருட்காட்சிக்கு வரும் பெண்மணிகளின் உணவுப் பெட்டியில் வைக்கத்தக்கதாக, கேக் துண்டைவிடச் சிறியதாக, கையில் எடுத்து எளிதில் உண்ணத்தக்கதாக ஒரு பண்டம் வேண்டுமென்று விடுதிச் சமையலறையை அவர் கேட்டதாகவும், அப்படிப் பிறந்ததே இப்பண்டம் என்றும் அவ்விடுதியார் சொல்லி வருகின்றனர். ஆனால் பிரௌனி என்ற பெயர் அப்பொழுது அதற்கு வழங்கவில்லை. மெயின் மாநிலத்துப் பாங்கர் நகரத்துக்காரர்கள் வேறொரு கதை சொல்லுவார்கள். ஒரு பெண்மணி கேக் செய்கையில் பேக்கிங் பவுடர் சேர்க்க மறந்தாராம், கேக் எழும்பவில்லை, எறிய மனமின்றித் துண்டுகளாக வெட்டிப் பரிமாறினாராம். இக்கதைக்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால் மறதியில் பிறந்த பண்டம் என்று சொல்லிக்கொள்வதில் எல்லா நாட்டாருக்கும் ஒரு விருப்பம் உண்டு போலும்.

அச்சில் கிடைக்கும் சான்று நமக்கு வேறொருவரைக் காட்டுகிறது. பாஸ்டன் நகரச் சமையற் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்த பேனி பார்மர் என்பவர் 1896-ஆம் ஆண்டில் வெளியிட்ட சமையல் நூலில் பிரௌனி என்ற பெயர் வருகிறது. ஆனால் அதில் சாக்லேட்டு இல்லை. கருப்பஞ்சாற்றுப் பாகு சேர்த்த சிறு கேக்குகளுக்கே அப்பெயர். சாக்லேட்டு சேர்ந்த பிரௌனி அந்நூலின் 1906-ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றது. பெயர் நிறத்தால் வந்தது என்பர். ஸ்காத்லாந்து நாட்டுக் கதைகளில், இரவில் எவரும் காணாமல் வந்து வீட்டு வேலைகளைச் செய்துவிட்டு, ஒரு கிண்ணம் பாலுக்காகக் காத்திருக்கும் குட்டித் தேவதைக்கும் இதுவே பெயர். எனவே, இச்சொல்லைத் தமிழாக்கும் முயற்சியில் நான் இறங்கவில்லை. காப்பியும் பிஸ்கோத்தும் போல இதுவும் அப்படியே இருக்கட்டும்.

பேனி பார்மரை நான் இங்கே குறிப்பிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவர் காலத்திற்கு முன்பு அமெரிக்கச் சமையல் நூல்களில், "முட்டை அளவு வெண்ணெய்" என்றெல்லாம் எழுதுவது வழக்கம். நாம் "எலுமிச்சங்காய் அளவு புளி" என்கிறோமே, அதைப் போன்றது. இது போதாது என்று கண்ட பேனி பார்மர், கோப்பையிலும் கரண்டியிலும் தலைதட்டி அளக்கும் முறையை வற்புறுத்தினார். இன்று நாம் படிக்கும் குறிப்புகளில் வரும் "ஒரு கோப்பை" என்பது அவருடைய செல்வாக்கால் நிலைபெற்ற கோப்பை. அது நம் வீட்டுக் காப்பிக் கோப்பை அன்று, தம்ளரும் அன்று. அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 237 மில்லி லிட்டர் கொள்வது. நம் வீடுகளில் 150 மில்லி லிட்டர் கோப்பையும் உண்டு. 300 மில்லி லிட்டர் குவளையும் உண்டு. எல்லாப் பொருளையும் ஒரே கோப்பையால் அளந்தால் விகிதம் கெடாது என்று நினைக்கலாம். முட்டையைக் கோப்பையால் அளப்பதில்லையே! சிறு கோப்பையால் மாவும் சர்க்கரையும் அளந்து, குறிப்பில் கண்டபடி இரண்டு முட்டை சேர்த்தால், பண்டம் கேக்காகிவிடும்.

இன்னும் சில சொற்களும் இப்படியே ஏமாற்றும். "ஒரு குச்சி வெண்ணெய்" என்று குறிப்பில் வரும். அமெரிக்காவில் வெண்ணெயைக் கால் பவுண்டுக் கட்டிகளாக விற்கிறார்கள். ஒரு கட்டி 113 கிராம். "350 டிகிரி" என்று வந்தால் அது பாரன்ஹீட்டுக் கணக்கு. நம் அடுப்பில் 175 டிகிரி செல்சியசு. சர்க்கரை என்ற சொல் பொது, பொருள் வேறு. நெல்லைச் சீமையார் சீனி என்று வழங்கும் நம் வெள்ளைச் சர்க்கரை, அமெரிக்கச் சர்க்கரையைவிடப் பருமனானது, எளிதில் கரையாது. மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பொடித்துக்கொண்டால் அந்தத் தொல்லை நீங்கும். ஆகவே, நான் எல்லாவற்றையும் கிராமிலேயே சொல்லுகிறேன். சமையலறைக்கென்று ஒரு சிறிய தராசு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதன் விலை இரண்டு முறை வீணாகும் பண்டத்தின் விலையைவிட மிகுதியாகாது.

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிட்ட வெண்ணெய் 100 கிராம்; கடையில் கிடைக்கும் சிறு பொட்டலம் ஒன்று இந்த அளவே. பொடித்த சர்க்கரை 180 கிராம். கொக்கோத் தூள் 50 கிராம். மைதா 60 கிராம். முட்டை இரண்டு. வெனிலா எசன்சு அரைத் தேக்கரண்டி. அக்ரூட்டுப் பருப்பு 50 கிராம். வெண்ணெயில் உப்பு இருப்பதால் தனியே உப்பு வேண்டுவதில்லை. சோடாவும் வேண்டா, பேக்கிங் பவுடரும் வேண்டா. வேகவைக்க 18 சென்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்று போதும்.

கொக்கோவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். குழந்தைகள் பாலில் கலந்து குடிக்கும் சாக்லேட்டுத் தூள் கொக்கோத் தூள் அன்று. அதில் பெரும்பங்கு சர்க்கரையே. அதை இட்டால் பிரௌனி வெளிறிப்போய்த் தித்திப்பு மட்டுமே மிஞ்சும். பொட்டலத்தின் பின்புறத்தில் சேர்மானங்களைப் படித்துப் பாருங்கள். சர்க்கரை என்ற சொல் இருத்தலாகாது. கொக்கோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அக்கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அச்சுக்கு ஆலந்து நாட்டு வான் ஹௌட்டன் குடும்பத்தார் 1828-ஆம் ஆண்டில் உரிமை பெற்றனர். எஞ்சிய பிண்ணாக்கை இடித்த தூளே கொக்கோத் தூள். கொழுப்பின் பங்கை நம் பிரௌனியில் வெண்ணெய் ஈடுசெய்கிறது. சாக்லேட்டுக் கட்டியை உருக்கிச் செய்யும் முறையும் உண்டு. ஆனால் நம் அங்காடிகளில் "காம்பவுண்டு" என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் கட்டிகளில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். அது நாவில் மெழுகுபோல் ஒட்டும். நல்ல கட்டிக்கு விலை அதிகம். ஆதலால், வீட்டுக்கு ஏற்றது தூளே என்பது என் கருத்து. கொக்கோ நமக்கு முற்றிலும் அயல்நாட்டுப் பொருளும் அன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1798-ஆம் ஆண்டிலேயே குற்றாலத்தில் கொக்கோச் செடிகளைப் பயிரிட்டுப் பார்த்தனர். இன்று பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிராக நிற்பதை ஊருக்குச் செல்லும்போது பார்க்கலாம்.

அக்ரூட்டு விஷயத்தில் வடக்கே வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. காஷ்மீரத்து அக்ரூட்டு நம் சந்தைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. பழைய பருப்பில் காறல் வாடை இருக்கும்; ஒன்றை வாயிலிட்டுப் பார்த்து வாங்குவது நலம்.

இனிச் செய்முறை. அடுப்பைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்குள்ள பெயரைத் தமிழில் எழுதினால் "அவன்" என்று ஆகிவிடுகிறது. "முதலில் அவனை நன்றாகச் சூடேற்றுக" என்று ஒரு குறிப்பில் படித்து நான் நகைத்ததுண்டு. ஈழத்துத் தமிழர் போறணை என்று அழகாகச் சொல்லுகிறார்கள். கடைக்காரர் ஓ.டி.ஜி. என்று விற்கும் மின்சாரப் பெட்டியடுப்பைத்தான் நான் கருதுகிறேன். பெரும்பாலான பெட்டியடுப்புகள் 1200 முதல் 1500 வாட்டு மின்சாரம் கொள்பவை. வாடகை வீடுகளில் விளக்குக்கும் விசிறிக்கும் வைத்திருக்கும் 6 ஆம்பியர் குழியில் செருகாதீர்கள். 16 ஆம்பியர் குழி வேண்டும். நீட்டுக் கம்பி இழுத்துச் செருகுவதும் கூடாது. பெட்டியடுப்பை 170 டிகிரியில் வைத்து ஒரு கால் மணி நேரம் சூடேற விடுங்கள். சூடேறுவதற்குள் கலவை தயாராகிவிடும்.

வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி இறக்குங்கள். பொங்கிச் சிவக்க வேண்டியதில்லை. சூடாக இருக்கும்போதே சர்க்கரையை இட்டுக் கிளறுங்கள். பிறகு கொக்கோவைச் சலித்துச் சேருங்கள். இங்கே நம் வீட்டுச் சரக்கு ஒன்றையும் சேர்க்கலாம். காலையில் வடித்த கெட்டிக் காப்பி டிகாக்‌ஷனில் ஒரு மேசைக்கரண்டி. காப்பியின் சுவை தனியே தெரியாது. கொக்கோவின் மணத்தை எடுத்துக் கொடுக்கும். மேல்நாட்டாரும் இதே நோக்கத்துடன் காப்பித் தூள் சேர்க்கிறார்கள். நம் பில்டர் டிகாக்‌ஷன் அதனினும் மேல் என்று நான் சொன்னால் ஊர்ப்பற்று என்று தள்ளிவிடாதீர்கள்.

கலவை விரல் பொறுக்கும் சூட்டிற்கு ஆறிய பிறகே முட்டையைச் சேர்க்க வேண்டும்; முன்பே சேர்த்தால் முட்டை வெந்து திரிந்துபோகும். ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அடியுங்கள். கை வலிக்கத் தொடங்கும்போது கலவை பளபளப்பாகிக் கெட்டிப்படும். மேலே தோன்றும் மெல்லிய ஏட்டிற்குக் காரணம் இந்த அடிப்புதான். முட்டையின் வெண்கருவும் கரைந்த சர்க்கரையும் சேர்ந்தே அந்த ஏடு உண்டாகிறது. வெனிலாவையும் இப்பொழுதே சேர்த்துவிடலாம். கடைசியாக மைதாவைச் சலித்துத் தூவி, வெள்ளை மறையும்வரை மட்டும் கரண்டியால் மடித்துக் கலந்து நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் கிளறினால் பரோட்டா மாவுபோல் மாவில் இழுவை உண்டாகும். பரோட்டாவுக்கு அது வேண்டும், பிரௌனிக்கு ஆகாது. வெண்ணெய்க் காகிதம் விரித்த தட்டில் கொட்டிப் பரப்பி, அக்ரூட்டை மேலே தூவி அடுப்பில் வையுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் அருமை ஒன்றுமில்லை. அருமையெல்லாம் எடுக்கும் வேளையில் இருக்கிறது. "20 நிமிடம்" என்று குறிப்பில் இருந்தால் நாம் கடிகாரத்தைப் பார்க்கிறோம். கேக்கிற்குச் சொல்லிக் கொடுத்த சோதனையை இதற்கும் செய்கிறோம். குச்சியைக் குத்தி, சுத்தமாக வந்தால்தான் வெந்தது என்று முடிவு செய்கிறோம். பிரௌனியில் குச்சி சுத்தமாக வருமானால் பண்டம் கைநழுவிப் போயிற்று என்று பொருள். ஆறியதும் அது இறுகிவிடும். பலர் வீட்டில் செங்கல் ஆனதன் வரலாறு இதுவே.

தமிழில் பதம் என்ற அருமையான சொல் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு நேரான ஒரு சொல்லைத் தேடினால் கிடைப்பது அரிது. கம்பிப் பதம், தக்காளிப் பதம், முற்றிய பதம் என்று நம் பெண்மணிகள் பாகை வகுத்து வைத்திருக்கிறார்கள். மைசூர்பாகு கிளறுகிறவர் கடிகாரத்தையா பார்க்கிறார்? ஓரத்தில் நெய் கக்குவதையும், நடுவில் பொரிந்து எழுவதையும், மணம் மாறுவதையும் பார்க்கிறார். ஒரு நொடி முந்தினால் அல்வா. ஒரு நொடி பிந்தினால் கல். பிரௌனியும் அந்தக் குலத்தைச் சேர்ந்தது. அதன் பதத்திற்கு உரிய குறிகள் இவை: ஓரங்கள் ஒரு விரலகலத்திற்குக் கெட்டிப்பட்டு, தட்டின் பக்கத்தைவிட்டு இலேசாக விலகத் தொடங்கும். மேலேடு மங்கலான பளபளப்புடன் சிறு வெடிப்புக் காட்டும். தட்டை மெல்ல ஆட்டினால் நடுப்பகுதி அலையாடக் கூடாது. ஆனால் விரலால் தொட்டால் மென்மையாகப் பதியவேண்டும். ஓரத்திற்கும் நடுவிற்கும் இடையே குச்சியைக் குத்தினால் ஈரமான பொருக்குகள் ஒட்டி வரவேண்டும். வழுவழுவென்று கூழ் ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம் பொறுங்கள். மணமும் ஒரு குறி. கொக்கோ மணம் அறை முழுவதும் பரவியவுடன் அடுப்பருகே போய் நில்லுங்கள்.

18 நிமிடத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். பெரும்பாலும் 20 முதல் 24 நிமிடத்திற்குள் பதம் வரும். வெளியில் எடுத்த பிறகும் தட்டின் சூட்டிலேயே அது சற்று நேரம் வேகும். எனவேதான் "இன்னும் கொஞ்சம் வேகலாமோ" என்ற ஐயம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உதிரும், ஒட்டும். முழுவதும் ஆற இரண்டு மணி நேரம் ஆகும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், இந்த இரண்டு மணி நேரமே இச்சமையலின் கடினமான பகுதி.

முட்டையைப் பற்றி இனிப் பேசியாக வேண்டும். நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பிள்ளைகளும் பெற்றோரும் முட்டை உண்பர்; ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டி தொடமாட்டார். அது அவருடைய நெறி. அதில் வாதிட ஒன்றுமில்லை. ஆனால் தில்லியில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைக்கும் கும்பகோணத்துப் பாட்டிக்கும் இடையே ஏற்கெனவே இடைவெளி இருக்கிறது. அவர் பேசும் தமிழில் பாதி பிள்ளைக்கு விளங்குவதில்லை. அவன் பள்ளியில் பேசும் இந்தி அவருக்கு விளங்குவதில்லை. இருவருக்கும் பொதுவானது தின்பண்டத் தட்டு ஒன்றுதான். அந்தத் தட்டைச் சுட்டி, "இது பாட்டிக்கு இல்லை" என்று ஆறு வயதுப் பிள்ளை சொல்லக் கேட்டிருப்பீர்கள். கள்ளமில்லாமல் சொல்வதுதான், கேட்பதற்கு நன்றாயில்லை. இருவகையாகச் செய்து இரண்டு தட்டில் வைப்பாரும் உண்டு. பாட்டி வீட்டில் இருக்கும் நாட்களில் எல்லோருக்குமே முட்டையில்லாமல் செய்துவிடுவது மேல் என்பது என் எண்ணம். சுவையில் அது ஒரு படி குறைவு என்பதை மறைக்கவில்லை.

முட்டை இரண்டு வேலைகளைச் செய்கிறது. கலவையைப் பிணைத்து இறுகச் செய்கிறது, மேலேட்டைத் தருகிறது. முதல் வேலைக்கு மாற்று உண்டு, இரண்டாவதற்கு இல்லை. புளிப்பேறாத கெட்டித் தயிர் 120 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் 100 கிராமும் கொக்கோ 50 கிராமும் முன்போலவே. சர்க்கரையை 150 கிராமாகக் குறைத்து, மைதாவை 90 கிராமாகக் கூட்டுங்கள். பிணைக்க முட்டை இல்லாததால் மாவு சற்று மிகுதியாக வேண்டும். மாவோடு கால் தேக்கரண்டி ஆப்பசோடாவைச் சேர்த்துச் சலியுங்கள். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து, கலவை களியாகப் படிந்துவிடாமல் காக்கும். கலவை மிகவும் கெட்டியானால் இரண்டு கரண்டிப் பால் விடலாம். பளபளப்பான ஏட்டை எதிர்பார்க்காதீர்கள். அந்தக் குறையை அக்ரூட்டால் மூடிவிடலாம். இதற்குப் பதமும் சற்று வேறு. 22 நிமிடத்திலிருந்து பாருங்கள். குச்சியில் ஓரிரு பொருக்குகள் மட்டுமே ஒட்டவேண்டும். முட்டை சேர்த்த கலவை பட்ட தட்டையும் கரண்டியையும் இதற்குப் பயன்படுத்தாமல், தனியே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கேட்கமாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள்.

எடுக்கும் வேளையைப் பாட்டியிடமே விட்டுவிடுவதும் நல்ல யோசனை. தராசில் நிறுத்து, டிகிரியைத் திருப்பி வைப்பது பேரனின் வேலை. கண்ணாடிக் கதவு வழியே பார்த்து, "போதும், எடு" என்று சொல்வது பாட்டியின் வேலை. பிரௌனியையே பார்த்திராத கண்ணும் இரண்டாம் முறையிலேயே பதத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பெட்டியடுப்பு இல்லாத வீடுகளும், ஓர் அறையில் தங்கிப் படிக்கும் மாணவர்களும் என்ன செய்வது? சாதாரண மைக்ரோவேவ் இதற்கு உதவாது. கன்வெக்‌ஷன் வசதி உள்ளதாக இருக்க வேண்டும். பலர் பிரஷர் குக்கரை வெறுமையாகச் சூடேற்றிச் செய்கிறார்கள். குக்கரை நீரில்லாமல் சூடேற்றக் கூடாது என்று அதைச் செய்பவர்களே எச்சரிக்கிறார்கள், அது பாழாகும். கனமான இரும்பு வாணலியே போதும். அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, கனத்த மூடியால் மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, தட்டை உள்ளே வைத்துச் சிறுதீயில் விடுங்கள். 35 முதல் 40 நிமிடம் ஆகும். மேலிருந்து சூடு படாததால் ஏடு சரியாக வராது, உள்ளே குறைவில்லை. அடிக்கடி மூடியைத் திறந்தால் சூடு போய்விடும். முதல் அரைமணி நேரம் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும்.

பருவத்தையும் கவனிக்கவேண்டும். வடநாட்டு மார்கழி, தை மாதங்களில் முட்டை பனிக்கட்டியாக இருக்கும். அப்படியே ஊற்றினால் உருகிய வெண்ணெய் உறைந்து கலவை திரிதிரியாகும். ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் முட்டையைப் போட்டு வைத்தால் போதும். தயிரையும் குளிர்பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மும்பை மழைக்காலத்தில் கொக்கோத் தூள் கட்டிபிடிக்கும். காற்றுப் புகாத புட்டியில் வைத்து, சலித்தே பயன்படுத்துங்கள்.

ஆறிய பண்டத்தைக் காகிதத்தோடு தூக்கிப் பலகையில் வைத்து, வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால் நாலு நாலாக வெட்டினால் 16 துண்டுகள் வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். மூடிய டப்பாவில் வெளியே மூன்று நாள் தாங்கும். தில்லிக் கோடையில் மட்டும் குளிர்பெட்டியில் வைத்து, உண்பதற்கு அரைமணி நேரம் முன்பு வெளியில் எடுக்கவும். இரண்டாம் நாள் சுவை முதல் நாளைவிட நன்றாயிருக்கும். மிஞ்சினால்தானே என்று நீங்கள் கேட்கலாம். மேலே பாலேடு பூசும் வேலை இல்லாததால் இரயில் பயணத்திற்கும், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பவும் ஏற்றது. ஓரத் துண்டுகள் சற்று மொறுமொறுப்பாகவும் நடுத் துண்டுகள் மென்மையாகவும் இருக்கும். பல் வலுவுள்ள பிள்ளைகளுக்கு ஓரத்தையும், பாட்டிக்கு நடுவிலுள்ள நான்கு துண்டுகளையும் எடுத்து வையுங்கள்.